மூன்றாவது குழிச் சேறு

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் கை கழுவிவிட்டு வந்துவிடுங்கள். நான் எழுதப்போவது சீழையும் சாக்கடையையும் பற்றி. நாசூக்காக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. ஐம்பத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஏறக்குறைய பாதி நாள் என் காலின் நாற்றத்தை நானே மோந்துகொண்டு கிடந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். ஓட்டலில் காபி குடிக்கப் போனால் டம்ளரை என் கண் முன்னால் வெந்நீரில் கழுவச் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தும்மினால், வாலாஜாபாத்துக்கு டிக்கெட் வாங்கியவன் பாதி வழியில் இறங்கிவிடுவேன். நாளைக்கு மூன்று குளியல். "உங்க துணி துவைக்கறதுக்குன்னே இன்னொருத்திய கட்டிக்கினு வந்திருக்கலாம்" என்பாள் என் மனைவி கோமளா. இப்படிப்பட்டவன் என்ன தொழில் செய்தான் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டை ஒட்டியே பட்டுச் சாயப்பட்டறை வைத்திருந்தேன்.

புதுப் பட்டுச் சேலையை முகத்தருகே கொண்டுபோய் "ஆகா" என்கிறவர்கள் சாயப்பட்டறைப் பக்கம் வந்ததில்லை. பட்டுப்பூச்சி கூட்டோடு ஒரு பசையையும் சேர்த்துத்தான் கக்கி வைக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் சாயம் ஏறும். அந்தப் பசைத் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் குடலைப் புரட்டும். என் பட்டறைக்குப் பின்னால் அது போய்ச் சேர வரிசையாக மூன்று குழிகள் இருந்தன. முதல் குழிவரை வாரம் இருமுறை ஃபினாயில் ஊற்றச் சொல்வேன். அதற்கு அப்பால் நான் போனதே இல்லை. குழிகளை வாரிச் சுத்தம் செய்ய ஓரிக்கைப் பக்கத்திலிருந்து ஏழுமலை வருவார். இப்போது 'வருவார்' என்று எழுதுகிறேன். அப்போது வாய்க்கு வந்தது 'வருவான்' என்பதுதான். என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். பட்டு வெந்துகொண்டிருந்த பெரிய அண்டா அடுப்போடு சரிந்து, கொதிக்கும் சோப்புத் தண்ணீர் என் வலது காலில் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கொட்டியது. எரிச்சல் அடங்கும் என்று யாரோ ஓடிவந்து பேனா மையை ஊற்றினார்கள். நான் கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டதாம். எப்படி விழுந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் "கால் வழுக்கிவிட்டது" என்று சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது, அது தானாக வளராது என்றார். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்ட வேண்டுமாம். பத்தாம் நாள் ஒட்டினார்கள். பதினான்காம் நாள் கட்டைப் பிரித்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டிய தோலைக் காணோம். அந்த இடத்தில் பச்சையாகச் சீழ் கட்டியிருந்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் பச்சை. சாயக்காரனுக்கு அப்படி இல்லை. கல்யாணச் சேலைக்கு மயில்கழுத்து நிறம் கேட்டு வருவார்கள். நீலமும் பச்சையும் சரியாகக் கூடிவர எத்தனையோ தடவை முக்கி எடுத்துப் பாடுபடுவேன். அதே நிறம், அச்சு அசலாக, என் காலில். அதோடு ஒரு நாற்றம். வெறுமனே அழுகல் என்றாலாவது சகிக்கலாம். இதில் ஓர் இனிப்பு கலந்திருந்தது. பழுத்து வெடித்த பழத்தை ஈரச்சாக்கில் கட்டி வைத்தது போல. சொந்த உடம்பை விட்டு எங்கே எழுந்து போவது?

வார்டில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த கட்டில்காரர் தன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லிப் போய்விட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாழைப்பழத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, வாசலில் நின்றே "சரியாப் போயிடும்" என்றார்கள். நான் ஊரிலிருந்த எல்லோரையும் பார்த்து முகம் சுளித்தவன். இப்போது ஊர் என்னைப் பார்த்துச் சுளித்தது.

கோமளா மட்டும் மூக்கை மூடவில்லை. காலையும் மாலையும் ரசஞ்சாதம் கொண்டுவந்து, கட்டிலை ஒட்டி உட்கார்ந்து ஊட்டுவாள். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனாள். குழாயடியில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து, "இன்னா வெயிலுங்க, மண்ட காயுது" என்று சொல்லி அடுத்த உருண்டையை உருட்டினாள். நானும் வெயிலைத் திட்டினேன்.

பெனிசிலின் ஊசி பலிக்கவில்லை. இன்னும் இரண்டு மருந்துகளும் பலிக்கவில்லை. வினிகர் என்கிற காடியில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தார்கள், எரிச்சல்தான் மிச்சம். மாலையானால் குளிர் ஜுரம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இந்தக் கிருமிக்கு சூடோமோனாஸ்னு பேரு. எங்ககிட்ட இருக்கற மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கு ஆபத்து. அடுத்த திங்கக்கிழம வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எறங்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்."

சாயத்தொழில் நின்றுகொண்டே செய்கிற தொழில், ஒற்றைக் காலில் முடியாது. ஆனால் என் மனதில் முதலில் வந்தது அதுவல்ல. இனிமேல் கழிப்பறைக்குப் போக நான் அடுத்தவர் தோளைப் பிடிக்க வேண்டும். அடுத்தவர் எனக்குக் கழுவி விட வேண்டியும் வரலாம். அதை நினைத்ததும் செத்துப்போகலாம் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் டாக்டரம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். தினமும் பஞ்சுக் குச்சியில் என் சீழைத் தொட்டு எடுத்துப் போகிறவர் அவர்தான். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை வாங்கிக்கொள்வது போல அவ்வளவு அக்கறையாக வாங்கிக்கொள்வார்.

"ஒண்ணு சொல்றேன், பொறுமையாக் கேளுங்க" என்றார். "நம்மளைக் கிருமி திங்கற மாதிரி, கிருமியையும் திங்கறதுக்கு ஒண்ணு இருக்கு. பேஜ்னு பேரு. மைக்ராஸ்கோப்புலகூடத் தெரியாது, அவ்ளோ சின்னது. ஒவ்வொரு பேஜும் ஒரு ஜாதிக் கிருமியத்தான் தொடும், மனுசன் உடம்பத் தொடாது. மெட்ராஸ்ல படிக்கும்போது அதைப் பிரிச்செடுக்கக் கத்துக்கிட்டேன். மண்ணுல இருக்கும், சாக்கடையில இருக்கும். உங்க கிருமியத் திங்கறது கெடைச்சா, புண்ணு மேல விட்டுப் பாக்கலாம். நான் யாருக்கும் இதுவரைக்கும் விட்டதில்ல. பலிக்காமலும் போகலாம். பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், திங்கக்கிழம வரைக்கும் உன் பாடுன்னுட்டார்."

பிறகு கோமளாவிடம், "உங்க பட்டறைப் பின்பக்கத்துலேருந்து கொஞ்சம் மண்ணு வேணும்மா. எவ்ளோ அசிங்கமா இருக்கோ அவ்ளோ நல்லது" என்றார்.

மறுநாள் காலை கோமளா ஒரு வெள்ளித் தூக்கில் மண் கொண்டுவந்து கொடுத்தாள். மாவு போல மெத்தென்று இருந்தது. டாக்டரம்மா சந்தோஷமாக வாங்கிப் போனார். அவர் செய்த வேலையைப் பிற்பாடு எனக்கு விளக்கினார். மண்ணைக் கிருமிக்கான சத்துச் சாற்றில் கரைத்து, அதிலேயே என் கிருமியையும் விட்டு, ஒரு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார். மண்ணில் பேஜ் இருந்தால் அது கிருமியைத் தின்று பெருகும். பிறகு அந்தச் சாற்றைக் கிருமிகூட நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடிப்பார். வடிந்து வரும் தெளிவில் பேஜ் மட்டும் இருக்கும். இருக்கிறதா என்று தெரிய, கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் என் கிருமியைப் பரப்பி, அதன் மேல் இந்தத் தெளிவைச் சில சொட்டு விட வேண்டும். பேஜ் இல்லாவிட்டால் மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மண்டியிருக்கும். இருந்தால் அது தின்ற இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை தட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஓர் ஓட்டை இல்லை. ஒரே சீராக, திட்டில்லாமல், மயில்கழுத்துப் பச்சை. அப்படி ஒரு சாயம் நான் போட்டதே இல்லை.

"அந்த மண்ணு எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்று கோமளாவைக் கேட்டார்.

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். "ஏகாம்பரநாதர் கோயில்லேருந்துமா. அங்க சாமியே மண்ணுதான? மாமரத்தடி மண்ண எடுத்து, வெயில்ல காயவெச்சு, துணில சலிச்சுக் கொண்டாந்தேன். இவரு புண்ணு மேல போடற மருந்துன்னீங்க. அதுக்குப் போயி சாக்கடையவா அள்றது? இவருக்குத் தெரிஞ்சா உசுரே போயிடும்மா."

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நான் கோமளாவாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். டாக்டரம்மா மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "அந்தச் சாமி மண்ணுல உங்க கிருமிக்கு என்னம்மா வேலை? கிருமி இருக்கற எடத்துலதான அதைத் திங்கறதும் இருக்கும்" என்றார். மூன்று நாள் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா என் காலில் குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் ஏழுமலை வந்து நின்றார். வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு, என் வீட்டுப் பின்வாசலில் எவ்வளவு தள்ளி நிற்பாரோ அவ்வளவு தள்ளி நின்றார். இந்த இடத்தில், காலில் தண்ணீர் எப்படிக் கொட்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று குழியில் வாரிய சேற்றை வாளியில் எடுத்துக்கொண்டு ஏழுமலை பட்டறை ஓரமாகப் போனார். வாளி தளும்பியது. அவர் கை என்மேல் பட்டுவிடும் என்று நான் துள்ளிப் பின்வாங்கினேன். என் முதுகு அண்டாவைத் தாங்கிய கட்டையில் இடித்தது. கால் வழுக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கீங்க மொதலாளி?" என்றார்.

"கிட்ட வராத. நாத்தம் அடிக்குது" என்றேன்.

அவர் உள்ளே வந்தார். துண்டு தோளிலேயே இருந்தது, மூக்குக்குப் போகவில்லை. காலை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த நாத்தம் எனக்குப் புச்சுங்களா? நம்ம மூணாவது குழில அடிக்கறதுதான இது" என்றார்.

டாக்டரம்மா திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஆமாமா. மொத ரெண்டு குழி அழுவின முட்ட மாரி நாறும். மூணாவது குழி வேற. கொஞ்சம் இனிப்பா, வவுத்தப் பெரட்டறாப்போல. மேல பச்சையா ஆட கட்டிக்கினு இருக்கும். பதினஞ்சு வருசமா மோந்துக்கினு இருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அந்தக் குழியை நீங்க பாத்ததில்லையா?"

"இல்லை" என்றேன். என் வீட்டிலிருந்து நாற்பது அடி.

கொதிநீரில் போட்டு எடுத்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளை அவர் ஏழுமலையிடம் கொடுத்தார். ஒன்றில் குழியின் அடிச்சேறு, மற்றொன்றில் கரை மண். ஏழுமலை ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். முழங்கைவரை சேறு காய்ந்திருந்தது. கோமளா வாசலில் அவரை நிறுத்தி, "ஏம்பா, நீ அன்னிக்கி கூட இருந்தியே, இவரு எப்படிப்பா வுழுந்தாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வழுக்கிடுச்சும்மா" என்றார் ஏழுமலை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா ஏறக்குறைய ஓடிவந்தார். மாதாகோயிலுக்குக்கூடப் போகவில்லையாம். தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பச்சைப் பரப்பில் அங்கங்கே ஓட்டைகள். சில குண்டூசித் தலை அளவு, சில மிளகு அளவு. சொட்டு விட்ட இடங்களில் பச்சையே இல்லை, கண்ணாடி தெரிந்தது. சாயத்தில் திட்டு விழுந்தால் நான் நூலைத் தூக்கி எறிந்து ஆட்களைக் கண்டபடி பேசுவேன். வாழ்நாளில் முதல்முறையாகத் திட்டு விழுந்ததைப் பார்த்து அழுதேன்.

பெரிய டாக்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலும் நான்கு நாள் கொடுத்தார். ஓர் ஓட்டையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, மறுபடி என் கிருமியோடு வளர்த்து, மறுபடி வடித்து, அந்தத் தெளிவில் வேறு கிருமி ஏதும் உயிரோடு இல்லை என்று பார்த்த பிறகு, செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா ஒரு குப்பியோடு வந்தார். தெளிவான வைக்கோல் நிறத் தண்ணீர். நான் அதைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்."

"ஏன்?"

"அது எங்க சாக்கடம்மா. என்னால முடியாது. வெட்டிடுங்க."

கோமளா சோற்றுத் தூக்கைத் தரையில் ஓங்கி வைத்தாள். "இருவது நாளா இந்த நாத்தத்துல உக்காந்து உங்களுக்கு ஊட்டறேன், எனக்கு இல்லாத அருவருப்பு உங்களுக்கு எங்கேருந்துங்க வந்துச்சு? காலு வேணுமா, வேணாமா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை. காலை நீட்டினேன்.

துணியை அந்தத் தண்ணீரில் நனைத்துப் புண்மேல் போட்டார்கள். நாளைக்கு இரண்டு வேளை. எரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாம் நாள் கோமளா ஊட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க."

"என்ன?"

"வாயில கிராம்பு இல்லீங்க. போட மறந்துட்டேன்."

இருவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தோம். புண்ணின் வாடை இருந்தது. அந்த இனிப்பு நாற்றம் இல்லை. கட்டைப் பிரித்தால் பச்சை வெளிறி, அடியில் சிவப்புச் சதை தெரிந்தது. பெரிய டாக்டர் கத்தியைத் தள்ளிப்போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி தோல் ஒட்டினார்கள், பிடித்துக்கொண்டது. காடித்துணி கட்டியதன் பலன் தாமதமாகத் தெரிகிறது என்றார் அவர். இருக்கலாம் என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. கால் இருந்தது.

கிளம்பும் நாளில்தான் டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அந்தக் கிருமிக்குச் சத்துச் சாறுன்னீங்களே, அது என்ன?"

"மாட்டிறைச்சி வேகவெச்ச சாறு" என்றார். மரக்கறி தவிர வேறு தொடாத வீட்டில் பிறந்தவன் நான். கோமளா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய எங்கயும் சொல்லிடாதீங்கம்மா" என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் குமட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தடியை ஊன்றிக்கொண்டு மூன்றாவது குழிவரை நடந்து போனேன். அந்த நாற்றம் தூரத்திலேயே வரவேற்றது. பச்சை ஆடையின்மேல் கொசு மொய்த்தது. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், கண்றாவியாகத்தான் இருந்தது. இடுப்பளவு இறங்கி ஏழுமலை வாரிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போய், நாங்கள் குடிக்கும் பித்தளைச் சொம்பில் நானே மோர் எடுத்துவந்தேன். அவர் ஏறி வந்து குழாயில் கை கழுவினார். நான் சொம்பை நீட்டினேன். அவர் மூன்றடி தள்ளிக் குனிந்து நின்று, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"சொம்பப் புடி ஏழுமலை" என்றேன்.

"பரவால்ல, ஊத்துங்க மொதலாளி" என்றார். மோருக்காகக் காத்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தேன். என் புண்ணுக்காகச் சேற்றில் முழங்கைவரை போன கைகள். அவை குவிந்து நிற்கப் பதினைந்து வருடம் பழக்கியவன் நான். என் கால் அழுகியபோதுகூட என்மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. ஆனாலும் ஊற்றினேன். அவர் குடித்தார். அவருக்கென்று நாங்கள் வைத்திருந்த அலுமினிய டம்ளர் பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கால் முழுக்க ஆற நான்கு மாதம் ஆனது. அந்த ஆணியைப் பிடுங்க எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.